உடைந்த கிரேயான் ஏன் மறுபடியும் கிரேயான் ஆகிறது?

ஸ்கூல் போகிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பழைய டப்பா கட்டாயம் இருக்கும். உள்ளே உடைந்த கிரேயான் துண்டுகள், பாதி கிழிந்த லேபிள்கள். தூக்கிப் போட மனசு வராது, வரையலாம் என்றால் கைக்கு அடங்காது. அதையெல்லாம் உருக்கி அச்சில் ஊற்றினால் புது கிரேயான் ரெடி என்று யூடியூபில் நிறையப் பேர் செய்து காட்டுகிறார்கள். எப்படிச் செய்வது என்று சொல்கிறார்கள், சரி. ஏன் முடிகிறது? பென்சிலையோ ஸ்கெட்ச் பேனாவையோ இப்படிப் புதுசாக்க முடியாதே. இதைத் தேடப் போனால் 1830க்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் கார்ல் ஃபான் ரைஷன்பாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மரத்தாரிலிருந்து வெள்ளையாக ஒரு மெழுகைப் பிரித்தெடுத்தார். அமிலத்தோடு சேர்த்தாலும் காரத்தோடு சேர்த்தாலும் அது சட்டென்று வினைபுரியவில்லை. அதனால் லத்தீனில் 'குறைவு', 'உறவு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்து 'பாரஃபின்' என்று பெயர் வைத்தார். யாரோடும் ஒட்டாத ஆசாமி! கிரேயானின் மறுபிறவிக்கான காரணம் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் பாரஃபின் உருகும். அப்போது அதன் மூலக்கூறுகள் உடைவதில்லை, ஒன்றைவிட்டு ஒன்று நழுவுகின்றன, அவ்ளோதான். ஆறினால் பழையபடி இறுகிக்கொள்ளும். எத்தனை தடவை உருக்கினாலும் அது அதே மெழுகுதான்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். எல்லோருக்கும் தேவைப்பட்டது விளக்கெரிக்க மண்ணெண்ணெய்தான். கூடவே வந்த மெழுகு, கிணற்றுக் கம்பிகளில் படிந்து தொல்லை கொடுத்தது. வேண்டாத பொருள் என்று ஒதுக்கியதற்கு மெல்ல மெல்லப் பயன் கண்டுபிடித்தார்கள். கம்பியில் படிந்த அந்தப் பிசுக்கைச் சுத்திகரித்துத்தான் ராபர்ட் செஸ்பரோ வாஸலினை உருவாக்கினார். பாரஃபின் மெழுகுவத்திக்குப் போனது. பிறகு கிரேயானுக்கு வந்தது. ஆக, கிரேயானின் மூலப்பொருளே ஒருகாலத்துக் கழிவு.

நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் பின்னி 1864இல் தொடங்கிய கம்பெனி விற்றது விளக்குக்கரியும், பண்ணைக் கொட்டகைகளுக்குப் பூசும் சிவப்புச் சாயமும். 1885இல் அவர் மகன் எட்வினும் உறவினர் ஹெரால்டு ஸ்மித்தும் சேர்ந்து அதை 'பின்னி அண்ட் ஸ்மித்' ஆக்கினார்கள். மரப்பெட்டி, பீப்பாய்களில் அடையாளம் எழுதுவதற்காக மெழுகையும் கரியையும் கலந்து ஒரு கறுப்புக் குச்சி செய்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குத் தூசி பறக்காத சாக்பீஸும் விற்றார்கள். அங்கே பிள்ளைகளுக்கு நல்ல, மலிவான வண்ணக்குச்சி தேவைப்படுவதைப் பார்த்ததும், அந்தக் கறுப்புக் குச்சிக்கு நஞ்சில்லாத நிறங்களைச் சேர்த்தார்கள். 1903இல் 8 நிறங்கள் கொண்ட முதல் 'கிரேயோலா' பெட்டி வந்தது. விலை 5 சென்ட். பெயர் வைத்தவர் எட்வினின் மனைவி ஆலிஸ், அவர் ஆசிரியையாக இருந்தவர். சாக்பீஸுக்கான பிரெஞ்சுச் சொல்லோடு, எண்ணெய்ப் பசையைக் குறிக்கும் சொல்லின் ஒரு துண்டை ஒட்டவைத்தார்.

தொழிற்சாலையில் உருகிய மெழுகு, நிறமி, மாவு போன்ற நிரப்புப்பொடி மூன்றையும் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். மேலே வழிந்ததைச் சுரண்டி மறுபடி கொப்பரையில் போட்டுவிடுவார்கள். வீட்டில் நாம் செய்வது ஒன்றும் புதுசில்லை, தொழிற்சாலையின் பழைய பழக்கம்தான். நம்மிடம் இல்லாதது காகித உறை. அது கை அழுக்காகாமல் இருக்க மட்டுமில்லை, மெலிந்த மெழுகுக் குச்சி முறியாமல் தாங்கவும்தான். 1930களின் பெருமந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து விவசாயக் குடும்பங்கள் இந்த லேபிள்களைக் கையாலேயே சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உறை இல்லாததால் வீட்டில் வார்க்கும் கிரேயான் குண்டாக இருப்பதே நல்லது.

இப்போது செய்முறை, காரணங்களோடு. துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் லேபிள் கழன்றுவிடும். ஈரத்தைத் துடைத்து நிறவாரியாகப் பிரியுங்கள், எல்லாம் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். மைக்ரோவேவ் சரிப்படாது. அந்த அலைகளைப் பாரஃபின் சரியாக உறிஞ்சாது, மெழுகு உருகும் முன் பாத்திரம் சூடாகிவிடும். மெழுகை நேரடியாகத் தீயிலும் வைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு சின்ன டின்னை வைத்து அதில் உருக்குங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகு தீப்பிடிக்கிற சூட்டுக்குப் போகாது. ஒருவேளை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூட வேண்டும். ஊற்றும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். நிறமியும் பொடியும் மெழுகைவிடக் கனமானவை, மெதுவாக ஆறவிட்டால் அடியில் தங்கி, மேலே நிறமில்லாத மெழுகு மட்டும் நிற்கும். தொழிற்சாலையில் தண்ணீரால் அச்சைக் குளிரவைத்து இதைச் சமாளிக்கிறார்கள். நாம் சிலிக்கான் அச்சில் ஊற்றி, கொஞ்சம் இறுகியதும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

வீடியோக்களில் அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான்: உருக்கினால் வடிவம்தான் மாறும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். 1994இல் சீனாவிலிருந்து இறக்குமதியான சில கிரேயான்களில் ஈயம் இருந்ததால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றைத் திரும்பப் பெறவைத்தது. 2000இல் சில பிரபல பிராண்டுகளிலேயே மிகச் சிறிய அளவில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரியவந்தது. நிரப்புப்பொடியாகச் சேர்த்த டால்க் வழியாக வந்தது அது. ஆபத்து மிகக் குறைவு என்று ஆணையம் சொன்னாலும், கம்பெனிகள் டால்க்கை விட்டுவிட ஒப்புக்கொண்டன. பெயர் தெரியாத பழைய கிரேயானில் ஈயம் இருந்தால் அது எந்த அடுப்புச் சூட்டிலும் போகாது, புது அச்சிலும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதனால் பிராண்ட் தெரியாததைத் தொடாதீர்கள். உருக்கும் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சின்ன டப்பா மெழுகை மிச்சம் பிடித்து உலகத்தைக் காப்பாற்றிவிட முடியாதுதான். ஆனால் கலிஃபோர்னியாவில் பிரையன் வேர் என்பவர் ஓட்டலில் பிள்ளைகளுக்குத் தரும் கிரேயான்கள் சாப்பிட்டு முடித்ததும் என்ன ஆகின்றன என்று யோசித்தார். குப்பைக்குத்தான் போகின்றன என்று தெரிந்ததும் அவற்றைச் சேகரித்துத் தன் வீட்டுச் சமையலறையிலேயே உருக்க ஆரம்பித்தார். அது 'தி கிரேயான் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. வார்க்கும் கிரேயான்கள் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. நோயாளிக் குழந்தையின் பிடிக்கு எளிதாக, கட்டிலிலிருந்து உருண்டு விழாதபடி, தடித்த முக்கோண வடிவம். உடைந்த துண்டிலிருந்து பழைய கிரேயானையேதான் திரும்பச் செய்யவேண்டும் என்றில்லை. பிடிக்கப்போகிற கைக்கு ஏற்ற வடிவத்தில் வார்த்துக்கொள்ளலாம்.