நாணயச்சாலைப் பிழையா, பட்டறை வேலையா?



2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் பள்ளம் தோண்டியபோது 505 தங்கக் காசுகள் கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். மொத்த எடை 1.716 கிலோ. செய்தியைப் படித்ததும் வகுத்துப் பார்த்தேன் (வாத்தியார் புத்தி போகுமா?). ஒரு காசுக்குச் சுமார் 3.4 கிராம். பழைய வராகனின் எடை ஏறக்குறைய அதுதான். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எடை இவ்வளவு சொல்லிவிடும்.

அந்தச் செய்திக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யார் கையில் எந்தக் காசு கிடைத்தாலும் என் திண்ணைக்கு வந்துவிடும். போன மாதம் தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் தம்பி வந்தார். "சார், இது லக்கி காசாம். ஆறாயிரம் கொடுத்து வாங்கினேன். இன்னும் நாலாயிரம் வரி கட்டினா ரிசர்வ் வங்கியே மூணு லட்சத்துக்கு எடுத்துக்குமாம். பொண்ணு காலேஜ் ஃபீசுக்கு ஆகும்" என்றார்.

பழைய கனமான 5 ரூபாய். ஒரு பக்கம் சிங்கமுகம் நேராக இருந்தது. மறுபக்கம் அதே சிங்கம், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, பள்ளமாக. இதைத்தான் சேகரிப்பாளர்கள் லக்கி என்றும் பிராக்கேஜ் என்றும் சொல்வார்கள். அச்சடித்த காசு ஒன்று வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வில்லையில் அச்சுக்குப் பதில் அந்தக் காசே பதியும். அப்படி உண்மையாகவே நடப்பதுண்டு. அதற்கு நல்ல விலையும் உண்டு.

பெரிய கடைவீதியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். 9 கிராம், சரியான எடை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் சங்கடம். இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறை வைஸில் நெருக்கினாலும் எடை குறையாதே!

பூதக்கண்ணாடியை எடுத்தேன். உண்மையான லக்கியில் 5 என்ற எண் இருக்கவே முடியாது, அந்தப் பக்கத்து அச்சைத்தான் ஒட்டிய காசு மறைத்துவிட்டதே. இதில் பள்ளச் சிங்கத்துக்கு அடியில் நசுங்கிய 5 தெரிந்தது. ஆண்டுக்குக் கீழே ஹைதராபாத் நாணயச்சாலையின் நட்சத்திரக் குறிகூட மிச்சமிருந்தது. நேரான சிங்கத்தின் முகமும் தட்டையாகியிருந்தது. காசு நாணயச்சாலையை விட்டு ஒழுங்காகத்தான் வெளியே வந்திருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ செய்த வேலை.

"பழைய காசுல எழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கே சார், அதுவும் பட்டறை வேலையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. என்னிடமுள்ள ராஜராஜன் செப்புக்காசைக் காட்டினேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரியில் பெயரும். கையால் சம்மட்டி அடித்த காலத்தில் அச்சு ஒருபுறம் விலகுவது சாதாரணம். அதைப் பிழை என்று யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். இயந்திரத்தில் அடித்த காசில் அப்படி விலகினால்தான் அதிசயம். இன்னொன்று: மேடாக ஓடும் கோடு அச்சில் விழுந்த விரிசல், பள்ளமாக ஓடும் கோடு பின்னால் விழுந்த கீறல்.

அந்த ராஜராஜன் காசு பளபளவென்று இருக்கும். இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி, அன்றிரவே புளி போட்டுத் தேய்த்தேன். ஆயிரம் ஆண்டு ஏறிய பச்சைக் களிம்பு ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. என்னிடமுள்ள காசுகளிலேயே மோசமான சேதம் நான் செய்ததுதான். இதையும் தம்பியிடம் சொன்னேன்.

ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். நாலாயிரம் தப்பித்தது.

"அஞ்சு ரூபாய்க்காவது போகுமா சார்?"

2011 நாணயச் சட்டப்படி உருச்சிதைத்த காசு செல்லாது. அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குத் திண்ணையில் இருந்தே போன் போட வைத்தேன்.