அச்சுக்கு எண்ணெய் இட்டோர்: டோர்வல் வழிச் செல்லும் புகையிரதப் பாதையும் ஓர் அகதி மகனின் கண்டுபிடிப்பும்

டோர்வல் நகரின் ஊடாக இரு நிறுவனங்களின் புகையிரதப் பாதைகள் அருகருகே செல்வதை, அங்கு வாழும் நம்மவரும் 20ஆம் இலக்க நெடுஞ்சாலையால் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் நம்மவரும் நன்கறிவர். நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கொண்ட சரக்கு வண்டிகள் இரவும் பகலும் இப்பாதைகளால் ஓடுகின்றன. இவ்வளவு பாரத்தையும் தாங்கிச் சுழலும் அச்சுகள் ஏன் சூடேறித் தீப்பற்றுவதில்லை என்பதை நம்மில் எவரும் எண்ணிப் பார்ப்பது அரிது. அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு நீண்ட தொழில் வரலாறும், நம் போன்று அடைக்கலம் தேடி வந்த ஒரு குடும்பத்தின் கதையும் அடங்கியுள்ளன.

கனடாவின் முதற் புகையிரதப் பாதை 1836ஆம் ஆண்டு யூலை மாதம் மொன்றியலுக்கு எதிர்க்கரையிலுள்ள லா பிறேரியிலிருந்து சென் ஜோன் வரை திறக்கப்பட்டது. 1847இல் மொன்றியலையும் லஷீனையும் இணைத்து இன்னொரு பாதை அமைந்தது. பின்னர் கிராண்ட் ரங்க் புகையிரத நிறுவனம் மொன்றியலிலிருந்து மேற்கு நோக்கி டோர்வல் வழியாகப் பாதை அமைத்து, 1855இல் புறொக்வில் வரையும், 1856 ஒக்ரோபரில் ரொறன்ரோ வரையும் வண்டிகளை ஓடவிட்டது. அந்நாளில் அப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஐந்தடி ஆறு அங்குலம். 1905இல் முழுமையடைந்து கொழும்பைக் காங்கேசன்துறையுடன் இணைத்த நமது வடபகுதிப் பாதையின் அகலமும் அதுவே. கனடாவில் 1870களில் அந்த அகலம் குறைக்கப்பட்டது. இலங்கையில் அது இன்றும் அவ்வாறே உள்ளது.

மாட்டு வண்டியில் அச்சு அசையாது நிற்க, சில்லு மட்டும் அதனைச் சுற்றிச் சுழலும். புகையிரதப் பெட்டியில் அவ்வாறில்லை. இரு சில்லுகளும் அச்சுடன் இறுகப் பொருத்தப்பட்டு, மூன்றும் ஒன்றாகவே சுழலும். சில்லுக்கு வெளியே நீண்டு நிற்கும் அச்சின் முனை ஓர் இரும்புப் பெட்டிக்குள் நுழைந்திருக்கும். அதன் மேற்புறத்தில் பித்தளையாலான ஒரு தாங்கி, கவிழ்த்து வைத்த சிரட்டைத் துண்டு போல அமர்ந்திருக்கும். பெட்டியின் முழுப் பாரமும் அந்தத் தாங்கியின் வழியாகவே அச்சில் இறங்கும். 33 அங்குல விட்டமுள்ள ஒரு சில்லு மொன்றியலிலிருந்து ரொறன்ரோ செல்வதற்குள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் முறை சுழல வேண்டும். அத்தனை முறையும் உலோகத்தின் மேல் உலோகம் தேய்கின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இடரில்லை. அது அறுந்தால் வெப்பம் ஏறும்.

தொடக்க காலத்தில் இதற்கு மிருகக் கொழுப்பே உதவியது. இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் புகையிரத நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி பூத் என்பவர் 1835இல் அச்சுக் கொழுப்புக் கலவை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கொழுப்பு, ஆபிரிக்காவிலிருந்து வந்த செம்பனை எண்ணெய், சோடா, நீர் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்பட்ட இத்தகைய கலவைகள் அச்சுப் பெட்டியின் மேற்பகுதியில் இடப்பட்டன. அச்சுச் சற்றுச் சூடேறினால் கலவை உருகிக் கீழே வழியும். இந்தியாவின் புகையிரதப் பாதைகளில் 19ஆம் நூற்றாண்டில் ஆமணக்கெண்ணெய் பெருமளவிற் பயன்பட்டது. நமது கிராமங்களில் விளக்குக்கும் மருந்துக்கும் உதவிய அதே எண்ணெய் புகையிரத அச்சுக்கும் உதவியது என்பது குறிப்பிடத்தக்கது.

வட அமெரிக்காவில் வேறொரு முறை நிலைபெற்றது. அச்சுப் பெட்டியின் அடியில் எண்ணெய் ஊற்றி, அதில் தோய்த்த கழிவு நூலை அச்சின் கீழ்ப்புறத்தைத் தொடுமாறு அடைத்து வைத்தனர். மோட்டார் திருத்தும் இடங்களில் நாம் காணும் ‘கொட்டன் வேஸ்ட்’ என்பதுதான் அது. குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல அந்த நூல் எண்ணெயை உறிஞ்சி, சுழலும் அச்சில் ஓயாது பூசிக்கொண்டிருக்கும். பித்தளைத் தாங்கியின் உட்புறத்தில், 1839இல் பொஸ்ரன் நகரத்து ஐசாக் பாபிற் உருவாக்கிய மென்மையான உலோகக் கலவை பூசப்படலாயிற்று. வெள்ளீயமே பெரும் பங்காக உள்ள அக்கலவை அச்சைக் கீறாமல் தான் தேய்ந்து கொடுக்கும் இயல்புடையது.

எளிய ஏற்பாடுதான். ஆயினும் அது முற்றிலும் மனிதர் கையிலேயே தங்கியிருந்தது. நாலு அச்சுள்ள ஒரு பெட்டிக்கு எட்டு அச்சு முனைகள். நூறு பெட்டிகள் என்றால் எண்ணூறு. ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, நூல் காய்ந்துள்ளதா, விலகியுள்ளதா எனப் பார்த்து, எண்ணெய் ஊற்றி மூட ஒரு தொழிலாளி வேண்டும். கனடாவின் மாரி காலத்தில் இவ்வேலை எத்தகையது என்பதை மொன்றியலில் ஒரு பனிக்காலத்தைக் கழித்தவர்க்கு நாம் விளக்கத் தேவையில்லை. குளிரில் எண்ணெய் தடிக்கும். உறைந்த நூல் சுழலும் அச்சுடன் ஒட்டிக்கொண்டு, தாங்கிக்கும் அச்சுக்கும் நடுவே இழுபட்டுச் சிக்கும். சிக்கிய இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்து, பெட்டி சூடேறிப் புகையும். நூலும் எண்ணெயும் தீப்பற்றும். கவனியாது விட்டால் அச்சு முனை செந்நிறமாகப் பழுத்து ஒடிந்து விழும். தொழிலாளர் இதனை ‘ஹொட் பொக்ஸ்’, அதாவது சூடேறிய பெட்டி என அழைத்தனர். வண்டியின் கடைசிப் பெட்டியில் இருந்த பணியாளர் புகையைக் கண்டும் நாற்றத்தை மணந்தும் இதனை அறிந்து வண்டியை நிறுத்துவர்.

இவ்வாறு எண்ணெய் இடும் வேலையிற் சேர்ந்தவருள் ஒருவரே இலைஜா மக்கோய். அவரது பெற்றோர் ஜோர்ஜும் மில்ட்ரெட்டும் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்து தப்பி, எல்லையைக் கடந்து இன்றைய ஒன்ராறியோவின் கொல்செஸ்ரரில் அடைக்கலம் புகுந்தவர்கள். அடிமைகளை இரகசியமாகக் கனடாவுக்குக் கடத்தி உதவியோரின் அமைப்பு ‘நிலத்தடிப் புகையிரதம்’ என அழைக்கப்பட்டது. அதற்குத் தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. ஆயினும் தங்கவைத்த வீடுகளை ‘நிலையங்கள்’ என்றும், வழிகாட்டியவர்களை ‘நடத்துநர்’ என்றும் குறித்தனர். எல்லைகளை இரவில் கடந்தவர்களையும், வழியில் முன்பின் அறியாதோர் வீடுகளில் ஒளிந்திருந்தவர்களையும் கொண்ட நமது சமூகத்துக்கு இச்சொற்களின் பொருள் எளிதில் விளங்கும்.

1844ஆம் ஆண்டளவில் கனடா மண்ணிற் பிறந்த இலைஜாவை, அவரது பெற்றோர் பதினைந்தாவது வயதில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்கு இயந்திரவியல் கற்க அனுப்பினர். தாம் இழந்ததைப் பிள்ளையின் கல்வியால் ஈடுசெய்ய முயன்ற பெற்றோர் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். பயிற்சி பெற்ற பொறியியலாளராக அவர் திரும்பியபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே கறுப்பினத்தவர் ஒருவருக்குப் பொறியியலாளர் பதவி கொடுப்பார் இல்லை. மிச்சிகன் சென்ரல் புகையிரத நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது இயந்திரத்தில் எரிபொருள் தள்ளும் வேலையும், எண்ணெய் இடும் வேலையுமே.

அவ்வேலையைச் செய்தபடியே அவர் அதன் குறைபாட்டை ஆராய்ந்தார். நீராவி இயந்திரத்தின் உருளைக்குள், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீராவியின் அழுத்தத்தைக் கொண்டு எண்ணெயைத் தானாகச் செலுத்தும் கருவி ஒன்றை அமைத்து 1872இல் காப்புரிமை பெற்றார். எண்ணெய் இடுவதற்காக இயந்திரத்தை நிறுத்தும் தேவை இதனாற் குறைந்தது. வாழ்நாளில் அவர் ஐம்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். 1915இல், மேலும் வெப்பமான நீராவியால் இயங்கும் இயந்திரங்களுக்காகக் காரீயத்தூள் கலந்த எண்ணெயைச் செலுத்தும் கருவிக்கும் காப்புரிமை பெற்றார். பண வசதியின்மையால் தம் உரிமைகள் பலவற்றை அவர் பிறருக்கு விற்க நேர்ந்தது. தம் பெயரில் ஒரு நிறுவனத்தை 1920இலேயே அவரால் நிறுவ முடிந்தது. 1929இல் அவர் காலமானார். 2001இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மக்கோயின் கருவி புகையிரத அச்சுகள் அனைத்துக்கும் எண்ணெய் இட்டது எனச் சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. அவரது புகழ்பெற்ற கருவி இயந்திரத்தின் உருளைகளுக்கானது. பின்னால் இழுபட்டுச் சென்ற பெட்டிகளின் அச்சுகள் அதன் பின்னரும் நெடுங்காலம் கழிவு நூலையும் மனிதர் கையையுமே நம்பியிருந்தன. ஒரு பெரியவரின் புகழுக்கு உண்மையே போதுமானது. அதற்கு மேல் நாம் சேர்ப்பது அவருக்குப் பெருமை ஆகாது.

அச்சுப் பெட்டிக்கு மாற்று வழி இல்லாமலும் இல்லை. சிறு உருக்கு உருளைகள் சுற்றிவர அமைந்த உருளைத் தாங்கியை ரிம்கன் நிறுவனம் 1930இல் ஒரு முழு நீராவி இயந்திரத்திலேயே பொருத்தி ஊர் ஊராகக் காட்டியது. அந்த மாபெரும் இயந்திரத்தைச் சிகாகோவில் சில பெண்கள் கயிறு கட்டி இழுத்துக் காட்டினர். ஆயினும் சரக்குப் பெட்டிகள் இலட்சக் கணக்கில் இருந்தமையாலும், புதிய தாங்கி விலை கூடியதாக இருந்தமையாலும் நிறுவனங்கள் பழைய முறையை எளிதிற் கைவிடவில்லை.

அதன் விலை 1979 நவம்பர் 10ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர் தெரிந்தது. 106 பெட்டிகளுடன் ரொறன்ரோவை நோக்கி வந்த கனேடியப் பசுபிக் நிறுவனத்தின் சரக்கு வண்டியில் 33ஆவது பெட்டியின் அச்சுப் பெட்டி, போதிய எண்ணெய் இன்றிச் சூடேறியது. பாதையோரம் வாழ்ந்தோர் புகையையும் தீப்பொறியையும் கண்டனர். அச்சு ஒடிந்து சில்லுகள் கழன்று விழ, வண்டி மிசிசாகா நகரில் தடம் புரண்டது. புறோப்பேன் வாயு நிரம்பிய பெட்டிகள் வெடித்தன. குளோரின் வாயு நிரம்பிய பெட்டி ஒன்றில் துவாரம் ஏற்பட்டது. லாரி குருப்பா என்ற இளம் பணியாளர் எரியும் பெட்டிகளின் அருகே சென்று, 32ஆவது பெட்டியின் காற்றுத் தடுப்புக் குழாயை அடைத்ததனால், முன்னிருந்த பெட்டிகளை இயந்திரம் அப்பால் இழுத்துச் செல்ல முடிந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை. பின்னாளில் நம்மவர் ஆயிரக்கணக்கில் குடியேறிய நகரமே இந்த மிசிசாகா.

நீதிபதி சாமுவேல் கிரேன்ஜ் இவ்விபத்தை விசாரித்தார். ஆபத்தான பொருட்களைக் கொண்டுசெல்லும் பெட்டிகளுக்கு உருளைத் தாங்கி வேண்டும் என்ற நியதியும், பாதையோரத்தில் நின்று அச்சின் வெப்பத்தை அளக்கும் கருவிகளும் அதன் பின்னர் வலுப்பெற்றன. 1980இல் ஆபத்தான பொருட்களின் போக்குவரத்துப் பற்றிய சட்டம் கனேடிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்று டோர்வல் வழியாக ஓடும் வண்டிகளில் கழிவு நூல் அடைத்த அச்சுப் பெட்டி இல்லை. எண்ணெய்க்காரர் என்ற தொழிலும் மறைந்துவிட்டது. ஆனால் இடர் முற்றாக நீங்கிவிடவில்லை. 2013 யூலையில் நமது கியூபெக் மாகாணத்து லக் மெகன்ரிக்கில், நிறுத்தி வைத்த எண்ணெய் வண்டி உருண்டோடி 47 பேரைப் பலிகொண்டது. அங்கு பழுது அச்சில் இல்லை, தடுப்பில் இருந்தது. பராமரிப்பில் ஏற்படும் சிறு குறையே பேரழிவாகின்றது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

ஆகவே பாதைக்கு அருகே வாழும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். ஓடும் வண்டியில் புகையையோ தீப்பொறியையோ கண்டால், வேறு யாரேனும் அறிவிப்பர் என்று இருந்துவிடாதீர்கள். புகையிரதக் கடவைகளில் அவசரத் தொலைபேசி இலக்கம் எழுதிய பலகையைக் காணலாம். அந்த இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கின்றோம். ஊரிற் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் இங்கு உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை செய்து குடும்பங்களைக் காத்ததை நாம் அறிவோம். அவர்தம் கல்வியை இந்நாடு கேட்டுப் பார்க்கவில்லை. மக்கோய்க்கு நிகழ்ந்ததும் அதுவே. எண்ணெய்க் குவளையைக் கையிற் கொடுத்தவர்கள் அவர் கற்றதைப் பறிக்க முடியவில்லை என்பது நமக்கு ஆறுதல். அதே வேளை, அவரைப் போல் வழி கண்டவர் ஒருவர் என்றால், வழி அடைபட்டு எண்ணெய்க்காரராகவே முடிந்தவர் எத்தனை பேரோ என்ற கேள்வியும் எழுகின்றது. அவர்களது பெயர்கள் எந்த மண்டபத்திலும் இல்லை. நம் சமூகத்தின் முதல் தலைமுறையினர் செய்த வேலைகளையும், அதற்கு முன் அவர்கள் கற்றிருந்தவற்றையும் பிள்ளைகள் கேட்டு எழுதி வைப்பார்களாயின், அந்தக் குறை நமக்காவது நேராது.