ஏழையின் தேநீர்

1795ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், இங்கிலாந்தின் பாக்ஷயர் மாவட்டத்து ஸ்பீனம்லாந்து என்னும் ஊரில், பெலிக்கன் விடுதியிலே நீதவான்கள் கூடினர். தானிய விலை ஏறியிருந்தது. கூலியோ அதற்கேற்ப ஏறவில்லை. 8 இறாத்தல் 11 அவுன்சுப் பாண் ஒரு சிலிங் விற்குங்கால், உழைப்பாளிக்கு வாரம் 3 சிலிங்கும், மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்றரைச் சிலிங்கும் கிடைத்தல் வேண்டும். கூலி போதாவிடின் குறையை ஊர் வரிப்பணம் நிரப்பும் என்று அவர்கள் விதித்தனர்.

உதவி பெற்றோரின் உணவைக் குறைகூறுவோரும் இருந்தனர். ஏழைக்கு வெண்பாண் எதற்கு, தேநீர் எதற்கு என்று அவர்கள் கேட்டனர். 1797இல் 'ஏழைகளின் நிலை' என்னும் நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சேர் பிரெடெரிக் மோட்டன் ஈடனும், வறுமைக்கு வருவாய்க் குறைவினும் சிக்கனமின்மையே பெருங்காரணம் எனக் கருதினார். வடநாட்டார் ஓட்சுக் கஞ்சியும் வாற்கோதுமைக் கஞ்சியும் உண்டு செட்டாக வாழ்வதை அவர் எடுத்துக் காட்டினார்.

இதற்கு ஈராண்டு முன்னரே விடை எழுதியிருந்தார் ஒருவர். அவர் அதே பாக்ஷயரில் பார்க்கம் என்னும் சிற்றூரின் மதகுரு, டேவிட் டேவிஸ். அவர் அறிவுரை கூறுமுன் கணக்குக் கேட்டவர். 1787இல் தம் ஊர்க் கூலிக் குடும்பங்களின் வரவு செலவை ஒவ்வொன்றாகக் குறித்தார். கஞ்சி காய்ச்ச விறகு வேண்டும். தென்னாட்டில் விறகு அரிது. பால் வேண்டின் பசு வேண்டும். பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டபின் பசுவுக்கு மேய்ச்சல் இல்லை. வீட்டில் வடித்த மென்மதுவையோ மால்ற் வரி எட்டாப் பொருளாக்கியது. எஞ்சியவை பாணும், மலிந்த தேயிலை சில இட்டு நிறமேற்றிய வெந்நீருமே. பாணன்றி வேறு உணவில்லாதவனுக்கு அந்தப் பாணாவது நல்லதாயிருத்தல் வேண்டாமா? தேநீர் வறுமையின் காரணமன்று, அதன் விளைவே என்பது டேவிஸ் கண்ட முடிவு.

ஆயினும், குறைகூறியோர் கருத்தே வென்றது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், உடல்வலியுள்ள ஏழைக்கு வீட்டிலிருந்தே உதவி பெறும் வழியை அடைக்க முயன்றது. உதவி வேண்டின் ஏழையர் விடுதிக்குள் செல்லவேண்டும். அங்கே உணவு நிறுத்து அளிக்கப்படும். செலவிடும் உரிமையே போய்விட்டமையால், செலவைப் பழிக்கவும் இடமில்லை. அந்தோவர் விடுதியில், உரத்துக்காக இடிக்கக் கொடுத்த எலும்புகளின் மச்சையைப் பசியால் உறிஞ்சினர் என்னும் செய்தி 1845இல் நாட்டையே நாணச் செய்தது.

எனினும், 1836இல் அவ்விடுதிகளுக்கு வகுத்த உணவுப் பட்டியலில் ஒரு சலுகை காணப்படுகிறது. அறுபது வயது கடந்தோருக்குக் காலைக் கஞ்சிக்குப் பதிலாக வாரம் 1 அவுன்சு தேயிலையும், 7 அவுன்சு சீனியும், 5 அவுன்சு வெண்ணெயும் வழங்கலாம் என்பதே அது. குடிசையில் ஊதாரித்தனம் எனப் பழிக்கப்பட்ட தேநீர், விடுதியில் முதியோர்க்கு ஆறுதல் என ஒப்புக்கொள்ளப்பட்டது. இடையில் மாறியது தேநீரன்று. அதனைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாருடையது என்பதே.