படம் அனுப்பாத ஒளிபரப்பு

1990-களின் கடைசியில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் வந்தது தொலைபேசிக் கம்பியில், 56 கே மோடம் வழியாக. ஒரு பாட்டை இறக்கவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கம்பியில் ஒரு கணினி விளையாட்டுப் போட்டியை ஊருக்கே நேரலையாகக் காட்டுவது எப்படி? படத்தை அனுப்பாமலேயே காட்டினார்கள்.

அதற்கான விதை 1993-இல் வெளிவந்த டூம் விளையாட்டிலேயே இருந்தது. அது ஆட்டத்தைப் பதிவு செய்யும்போது காட்சியைத் தொடுவதேயில்லை. ஆடுபவர் முன்னே போனாரா, பக்கவாட்டில் நகர்ந்தாரா, எவ்வளவு திரும்பினார், சுட்டாரா என்பதை மட்டும் விநாடிக்கு 35 முறை குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு குறிப்புக்கும் 4 பைட். கணக்குப் போட்டால் ஒருவருடைய ஒரு நிமிட ஆட்டம் 8,400 பைட்தான்! அந்தக் கோப்பை வாங்கியவரின் கணினி அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடிக் காட்டிவிடும். விளையாட்டு அவரிடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2001-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு வந்த எச்எல்டிவி என்ற மென்பொருள், இதே சிக்கனத்தை நேரலைக்குக் கொண்டுவந்தது. போட்டி நடக்கும் சர்வருக்குள் ரசிகர்கள் கூட்டமாக நுழைந்தால் ஆட்டமே திணறிப்போகும். எச்எல்டிவி ஒற்றைப் பார்வையாளராக உள்ளே போய் உட்காரும். யார் எங்கே நிற்கிறார், யார் சுடுகிறார் என்ற நிலவரத்தை வெளியே காத்திருப்பவர்களுக்குப் பங்கிடும். கூட்டம் சேரச் சேர, அதன் பின்னால் இன்னொரு எச்எல்டிவியைத் தொடுத்துக்கொள்ளலாம். ஹாஃப்-லைஃப்பிலிருந்து பிறந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டின் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த வீரரின் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். இன்றைய யூடியூப் நேரலைகூட அந்த வசதியைத் தருவதில்லை.

வர்ணனைக்கு? இணைய வானொலிக்காக நல்சாஃப்ட் உருவாக்கிய ஷவுட்காஸ்ட்டைப் பிடித்துப் போட்டார்கள். திரையில் ஆட்டம் ஓடும். பின்னணியில் வின்ஆம்ப் என்ற பாட்டு மென்பொருளில் வர்ணனையாளர் கத்துவார். காட்சிக்கும் குரலுக்கும் தாமதம் வேறு வேறு என்பதால், இரண்டையும் ஒட்டவைப்பது ஒரு தனி வேலை.

தாமதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டதும் உண்டு. எச்எல்டிவியில் வழக்கமான அளவு 30 விநாடி. எதிரணி ஒளிந்திருக்கும் இடத்தை நண்பர் யாராவது பார்த்துச் சொன்னாலும் செய்தி பழசாகியிருக்கும். அரங்கத்துப் பெரிய திரைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸின் எல்.ஏ. லைவ் வளாகத்தில் நடந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில், அசுபு ஃப்ராஸ்ட் அணி வீரர் திரும்பி அந்தத் திரையைப் பார்த்துவிட்டார். அணிக்கு 30,000 டாலர் அபராதம். போதாக்குறைக்கு இணைய இணைப்பு அடுத்தடுத்து அறுந்து, மிச்ச ஆட்டம் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போனது.

நிண்டெண்டோவின் ஸ்மாஷ் பிரதர்ஸ் மீலீ ஆடுபவர்களின் கதை இன்னும் வேடிக்கை. 2001-இல் வந்த அந்த விளையாட்டைப் பழைய டியூப் டிவியில்தான் ஆடுவார்கள். புதிய டிவிகள் படத்தைச் சற்றுப் பிந்திக் காட்டுவது அவர்களுக்கு ஆகாது. எனவே வீடியோ கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை டிவிக்கும் மற்றதைக் கணினியின் கேப்சர் கார்டுக்கும் கொடுத்தார்கள். ஒளிபரப்பில் படம் மங்கித் தெரிந்தது. பின்னர் ரசிகர்களே எழுதிய ஸ்லிப்பி மென்பொருள், மாற்றியமைத்த நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியிலிருந்து ஆட்டத்தின் தகவலை மட்டும் கணினிக்கு அனுப்பி, அங்கே படத்தைத் துல்லியமாகப் புதிதாக வரைய வைத்தது. கேப்சர் கார்டுக்கு அங்கே வேலையே இல்லை.