வலையபட்டிக்கு வழி சொல்லும் இரண்டு எண்கள்

கோடையில் ஒரே ஒரு நாள் நடுப்பகலில் அது நடந்தது. எகிப்தின் தெற்குக் கோடியில், இன்று அஸ்வான் எனப்படும் சயீன் நகரில், வெயில் கிணற்றின் அடித் தண்ணீர்வரை நேராக இறங்கியது. அதே நேரத்தில் வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் நட்டுவைத்த கோலுக்குச் சிறு நிழல் விழுந்தது. அந்நகரின் நூலகத் தலைவர் எரட்டோஸ்தனீஸ், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், அந்த நிழலின் கோணத்தைப் பிடித்துக்கொண்டார். முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடையே, கிரேக்கர்களின் தூர அளவில், 5,000 ஸ்டேடியா. பெருக்கியதும் பூமியின் சுற்றளவே கைக்கு வந்தது: 2,50,000 ஸ்டேடியா. ஆனால் அவர் வரைந்த உலகப் படத்தில் பல ஊர்கள் பயணிகளின் வாய்ச்சொல்லை நம்பியே நின்றன. அடுத்து வந்த ஒருவர் அதைச் சும்மா விடவில்லை.

அவர் பெயர் ஹிப்பார்க்கஸ். ஓர் ஊர் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதை விண்மீன்களின் உயரம் சொல்லிவிடும். எவ்வளவு கிழக்கே என்பதை எது சொல்லும்? சந்திர கிரகணம் சொல்லும் என்றார் அவர். கிரகணம் எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில் பிடிக்கும். உள்ளூர் நேரம் மட்டும் மாறும். ஒரு மணி நேர வித்தியாசம் என்றால் 15 டிகிரி. அற்புதமான வழி. ஆனால் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் ஒரே கிரகணத்துக்கு நேரம் குறித்துவைத்தவர்கள் எங்கே இருந்தார்கள்?

கி.பி. 150 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த தாலமி அப்படி ஒன்றை எடுத்துக்காட்டினார். கி.மு. 331-இல், காகமேலா போருக்குச் சில நாட்கள் முன்பு, அலெக்சாண்டரின் படையைக் கலங்கவைத்த கிரகணம் அது. கிழக்கே அர்பேலாவில் இரவு ஐந்தாம் மணி, மேற்கே கார்த்தேஜில் இரண்டாம் மணி என்று குறிப்பு இருந்தது. மூன்று மணிக்கு 45 டிகிரி. உண்மையான இடைவெளியோ சுமார் 34 டிகிரிதான்! போதாததற்கு, பூமியின் சுற்றளவையும் 1,80,000 ஸ்டேடியா என்று குறைத்தே எடுத்துக்கொண்டார் தாலமி. அந்தத் தவறு 1,300 ஆண்டுகள் கழித்து ஒரு மாலுமியின் தலையெழுத்தையே மாற்றவிருந்தது.

தவறுகளோடு தாலமி பெரிய காரியம் ஒன்றையும் செய்தார். ஒரு நூலில் சுமார் 8,000 இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வடக்கைச் சொல்ல அட்சம், கிழக்கைச் சொல்லத் தீர்க்கம் என இரண்டு எண்களைக் கொடுத்தார். பாண்டியரின் மதுரையும் கொற்கையும் அதில் இருந்தன. செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் முன்னோர் வாழ்ந்த ஊராகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினமும், காவிரி முகத்துவாரத்துத் துறைமுகமாக இடம்பெற்றது. ஆனால் இந்தியத் தீபகற்பம் தட்டையாகிப்போனது. இலங்கை பல மடங்கு பெருத்துவிட்டது. பிறகு மேற்கு ஐரோப்பா அந்த நூலையே மறந்தது.

ஆனால் பாக்தாத்தில் அறிஞர் அல் குவாரிஸ்மி அந்த எண்களை எடுத்துத் திருத்தினார். கான்ஸ்டான்டிநோபிளில் 1295 வாக்கில் மாக்சிமஸ் பிளானூடஸ் என்ற துறவி நூலின் பழைய பிரதியைத் தேடிப் பிடித்தார். அதில் படங்களைக் காணோம். எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. அவை போதுமானவையாக இருந்தன. கட்டம் போட்டு, எண்களைப் பார்த்துப் புள்ளி வைத்ததும், ஆயிரம் ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த உலகம் மறுபடி உருவெடுத்தது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பு வந்தது. 1477-இல் போலோன்யாவில் படங்களோடு அச்சேறியது. அதன் கணக்குகளில் ஜெனோவாக்காரர் ஒருவரின் கண் விழுந்தது.

பூமி சிறியது, ஆசியா கிழக்கே வெகுதூரம் நீண்டது என்ற பழைய கணக்குகளில் தனக்குச் சாதகமானவற்றையே கொலம்பஸ் பொறுக்கினார். கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர் என்று முடிவு கட்டினார். உண்மைத் தொலைவு 19,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் ஒரு கண்டம் குறுக்கிட்டிராவிட்டால் அவரும் மாலுமிகளும் கடலிலேயே பட்டினி கிடந்து மாண்டிருப்பார்கள். 1492-இல் தவறான எண் அவரைப் புதிய உலகில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆறே ஆண்டுகளில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைய, இந்துமாக்கடலைச் சுற்றி நிலம் அடைத்திருப்பதாகத் தாலமி காட்டியதும் பொய்யானது. படம் உடைந்தது, கட்டம் உடையவில்லை. அந்தக் கட்டத்தின் ஒரு டிகிரி உண்மையில் எவ்வளவு நீளம் என்ற கேள்வி தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியை விரித்தார். அளவைக்கு ஆதாரமான ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க 57 நாட்கள் பிடித்தன. கோணம் அளக்க லண்டனிலிருந்து வந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படித் தப்பிய கருவிக்கு 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கண்டம் காத்திருந்தது. கோபுரத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் கோணிப்போனது.

வேறு யாராயிருந்தாலும் வேலையை நிறுத்தியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் வைத்து, சிறு மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஆறு வாரத்தில் நிமிர்த்தினார். நிமிர்ந்த கருவியோடு அளவை தொடர்ந்தது. 78-ஆம் தீர்க்கத்தை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து தொடங்கிய, பெரும் வில் எனப்பட்ட அந்த அளவைக்கோடு, அவர் மறைவுக்குப் பின் இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. எரட்டோஸ்தனீஸ் கோலை நட்டுக் கேட்ட கேள்விக்கு நுட்பமான விடை கிடைத்தது.

இத்தனை விபத்துகளைக் கடந்து வந்த அந்த இரண்டு எண்கள் இன்று செட்டிநாட்டுக் கல்யாண அழைப்பிதழ்களில் அச்சாகும் கியூ.ஆர். கட்டத்துக்குப் பின்னால் வேலை செய்கின்றன. மலேசியாவிலிருந்து வரும் பங்காளி கைப்பேசியைக் காட்டியதும், வண்டி யாரையும் கேட்காமல் வலையபட்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கைப்பேசிக்குத் தெரிந்த வலையபட்டி இதுதான்: வட அட்சம் 10 டிகிரியை ஒட்டி, கிழக்குத் தீர்க்கம் 78-க்கும் 79-க்கும் நடுவில். காரின் இடத்தை அது கண்டறிவதும் ஹிப்பார்க்கஸ் காட்டிய திசையில்தான். செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்கள் அனுப்பும் நேரங்களை ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கிறது. கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே வித்தியாசம். ஊரை எண்ணாக எழுதிவைத்ததுதான் கிரேக்கர்கள் விட்டுச்சென்ற பெரிய சொத்து. எண்ணாக இருந்ததால்தான் அவர்களுடைய தவறுகளைப் பாக்தாத்திலும் கடலிலும் தஞ்சையிலும் பின்னால் வந்தவர்களால் திருத்த முடிந்தது.