ஷிரோட்கரின் வளையம்

1955ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஆன்டிசெப்டிக்’ மருத்துவ இதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் பயிற்றுவித்த வி. என். ஷிரோட்கர். நான்காம் மாதத்துக்குப் பின் கருவைத் திரும்பத் திரும்ப இழக்கும் பெண்களுக்கான புதியதோர் அறுவை முறையை அது விவரித்தது.

இப்பெண்களுக்குக் கருத்தரிப்பதில் தடையில்லை. கரு வளர்ந்து பாரம் ஏறுகையில், வலி கண்டறியும் முன்பே கருப்பை வாய் விரிந்துவிடும். 1950இல் அமெரிக்காவில் லாஷ் என்னும் குடும்பப் பெயருடைய இருவர், கருவுறாத நாள்களில் அவ்வாயின் நலிந்த பகுதியை வெட்டியெடுத்துத் தைத்தனர். அத்தழும்பே சிலருக்கு மறுபடி கருவுறாதபடி செய்தது. ஷிரோட்கர் வெட்டியெடுக்கவில்லை. கர்ப்ப காலத்திலேயே, சிறுநீர்ப்பையை மேலே ஒதுக்கி, வாயின் உள்துளை இருக்கும் மட்டத்தில் ஒரு வளையத்தைக் கட்டினார். தொடக்க ஆண்டுகளில் அதற்கு அப்பெண்ணின் தொடையிலிருந்து எடுத்த திசுப்பட்டையையே பயன்படுத்தினார்.

அவரது பிற பணிகளிலும் இதே மனப்பாங்கைக் காணலாம். கருப்பை இறக்கத்துக்கு அந்நாளில் வழக்கிலிருந்த மான்செஸ்டர் முறை, கருப்பை வாயைத் துண்டித்தது. குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கது, இளம்பெண்களுக்கு அன்று. ஷிரோட்கரின் மாற்றுமுறை அத்துண்டிப்பைத் தவிர்த்தது. இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர் என்பதை இங்கு நினைக்கலாம். பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் கையில் இருக்க வேண்டுமெனில், இவ்விரு பணிகளுக்கும் முரணில்லை.

ஆனால், மருத்துவத்தின் சொற்கள் பின்தங்கியே வந்தன. 1950ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பு உள்துளையைத் ‘திறனற்றது’ என்றது. ஷிரோட்கரின் தலைப்பிலும் ‘பழக்கமான கருச்சிதைவு’ என்றே இருந்தது. பழக்கம் என்பது ஒருவர் தாமே கைக்கொள்வது. நான்கு கருக்களை இழந்தவளின் துயரத்துக்கு அச்சொல்லைச் சூட்டியபோது, ‘ராசியில்லாதவள்’ என்னும் ஊர்ப்பேச்சுக்கும் மருத்துவ ஏட்டுக்கும் இடையிலான தொலைவு குறைந்துபோயிற்று. குறை ஒரு தசைநார் வளையத்தில் உள்ளது என்று கத்தி கண்டுகொண்டது. பெயர் இன்னும் அப்பெண்ணையே சுட்டிக்கொண்டிருந்தது. ‘திறனின்மை’ நீங்கிப் ‘போதாமை’ என்னும் சொல் ஆங்கிலத்தில் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவும் முழுமையான விடுதலை அன்று.

1957இல் மெல்போர்னின் இயன் மெக்டொனால்ட், திசுக்களைப் பிரிக்காமல் சுருக்குப்பைபோல் இழுத்துக் கட்டும் எளிய தையலை வெளியிட்டார். இன்று பெரிதும் வழங்குவது அதுவே. ஆயினும், முந்தைய அறுவையால் வாய் மிகக் குறுகிப்போனவர்களுக்கு, உயரத்தில் கட்டப்படும் ஷிரோட்கரின் வளையத்தை மருத்துவர்கள் இன்றும் நாடுகின்றனர்.