புகைவண்டி நிலையத்தில் காத்திருந்த நம் முன்னோர்

காத்திருத்தல் மாந்தர் யாவர்க்கும் பொதுவானது. செல்வரும் வறியவரும் ஒரே வண்டிக்காகக் காத்திருக்கும் இடம் புகைவண்டி நிலையம் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அன்று. எவர் எவ்விடத்தில் காத்திருந்தார், எந்தக் குவளையில் நீர் அருந்தினார், வண்டியை விட்டு இறங்கிய பின் எவர் அவரை ஏற்றிச் சென்றார் என்று வினவும்போதுதான் வரலாறு புலப்படுகிறது. நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்கள் இவ்வரலாற்றை அறிதல் வேண்டும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதலானேன்.

மலை இரயில் வந்த கதை

நம் லவ்டேல் நிலையம் சிறியது. குன்னூரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு, கேத்தி ஆகியவற்றைக் கடந்து வரும் வண்டி, 7,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள இங்கு நின்று, பின் உதகை நோக்கிச் செல்கிறது. மூடுபனியில் வண்டியின் ஓசை முதலில் கேட்கும். வண்டி பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

மேட்டுப்பாளையம் வரை புகைவண்டி 1873ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மலைமேல் ஏற மேலும் 26 ஆண்டுகள் பிடித்தன. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறக்கப்பட்டது. 1908இல் அது லவ்டேல் வழியாக உதகை வரை நீட்டப்பெற்றது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் 208 வளைவுகளும் 16 குகைகளும் 250 பாலங்களும் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும் முறை அமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவை யாவும் பெருமைக்குரியனவே. எனினும் பாறை பிளந்தோர், மண் சுமந்தோர், காய்ச்சலில் மாண்டோர் ஆகியோரின் பெயர் தாங்கிய கல்வெட்டு எதனையும் இப்பாதையின் எந்நிலையத்திலும் நான் கண்டதில்லை. கோவை, சேலம், வட ஆர்க்காடு, மைசூர் ஆகிய பகுதிகளிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும், படைவீடுகளுக்கும், துரைமார் இல்லங்களுக்கும் உழைக்க மலையேறி வந்தவர்களில் நம்மவர் பெருந்தொகையினர்.

1891ஆம் ஆண்டு

இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. 1891ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு இம்மலைப் பாதைக்கு முதல் மண் வெட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் பண்டிதர் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். கல்வி வசதி, உத்தியோகம், பொது இடங்களில் சம உரிமை ஆகியவற்றைக் கோரும் தீர்மானங்கள் அதில் நிறைவேறின. அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாளில்தான்.

பண்டிதர் நீலகிரியில் வளர்ந்தவர். 1870களிலேயே இங்குச் சபை அமைத்துப் பணி செய்தவர். அவருடைய உறவினரான இரட்டைமலை சீனிவாசனும் இம்மலையில் கணக்கர் பணி புரிந்தவரே. டிசம்பர் மாநாட்டுக்குச் சமவெளியிலிருந்து வரும் எவருக்கும் மேட்டுப்பாளையத்தோடு புகைவண்டி முடிந்துவிடும். அதற்கு மேல் மாட்டு வண்டி, மட்டக் குதிரை, அல்லது கால்நடை. வண்டி வரும் வரை காத்திருப்போம் என்று நம் முன்னோர் எண்ணியிருந்தால் அம்மாநாடு நிகழ்ந்திராது. இதனை இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

மசூர் நிலையத்தில் நான்கு சிறுவர்

புகைவண்டி நிலையக் காத்திருப்பு என்றவுடன் நம் நெஞ்சில் எழ வேண்டிய நிகழ்ச்சி, 1901ஆம் ஆண்டில் மராட்டிய நாட்டில் நிகழ்ந்தது. சிறுவராயிருந்த அம்பேத்கர், தம் அண்ணனோடும் தமக்கையின் மக்கள் இருவரோடும், வெளியூரில் பணியாற்றிய தந்தையாரைக் காணப் புறப்பட்டார். புத்தாடை அணிந்து மகிழ்ச்சியோடு சதாராவில் வண்டியேறி, மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. வருகையை அறிவித்த கடிதத்தைத் தந்தையாரிடம் கொடுக்கப் பணியாள் மறந்துவிட்டான் என்பது பின்னரே தெரிந்தது.

பிற பயணிகள் எல்லாரும் போய்விட்டனர். நிலைய அதிகாரி அருகே வந்து அன்போடு விசாரித்தார். நல்லுடை அணிந்த பிள்ளைகளை உயர்ந்த குலத்தவர் என்று அவர் எண்ணியிருந்தார். நாங்கள் மகார்கள் என்று சிறுவர் அம்பேத்கர் உண்மையைச் சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. அவர் விலகிச் சென்றார். வாடகை வண்டிகள் பல நின்றிருந்தும், தீட்டுக்கு அஞ்சி வண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. இறுதியில் இரட்டைக் கட்டணம் தருவதென்றும், சிறுவர்களே வண்டியை ஓட்டுவதென்றும், வண்டிக்காரன் உடன் நடந்து வருவதென்றும் ஏற்பாடாயிற்று. வழியில் உணவு கையில் இருந்தும், குடிக்க நீர் கிடைக்காமையால் அன்றிரவு அவர்கள் பசியோடு உறங்கினர். பிற்காலத்தில் தம் வாழ்வின் கசந்த அனுபவங்களைத் தொகுத்தெழுதியபோது அண்ணல் இந்நிகழ்ச்சியை விரிவாகப் பதிவு செய்தார்.

புகைவண்டி அவர்களை ஏற்றிக்கொண்டது. கட்டணச் சீட்டு சாதி கேட்கவில்லை. ஆனால் நிலைய வாயிலைத் தாண்டியதும் ஊர் சாதி கேட்டது. இயந்திரம் தந்த சமத்துவம் மேடையோடு முடிந்துபோயிற்று.

உணவுச் சாலையும் சட்டமும்

தென்னாட்டில் மேடையின் மீதே வேற்றுமை நிலவியது. புகைவண்டி நிலைய உணவுச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு பகுதி, ஏனையோருக்கு ஒரு பகுதி என்று பலகை தொங்கிய காலம் ஒன்று இருந்தது. பெரியார் ஈ.வெ.ரா.வும் சுயமரியாதை இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாக 1941ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. அதற்கு முன்னரே, 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தும் உரிமை ஏற்கப்பட்டது. 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது; 1955இல் அதனைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் வந்தது. இன்று நாம் தயக்கமின்றி அமரும் நிலையப் பலகை இத்தனை பேருடைய உழைப்பின் பயன்.

தலைமன்னார் முதல் மேட்டுப்பாளையம் வரை

மற்றொரு காத்திருப்பு நம்மில் பலருடைய குடும்பக் கதையாகும். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது. எங்கு வாழ விரும்புகிறீர்கள் என்று அம்மக்களைக் கேட்டு இக்கணக்கு வகுக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரம் வந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம், பின் புகைவண்டி.

எங்கள் குடும்பமும் அவ்வழியே வந்தது. யான் அப்போது கைக்குழந்தை. அப்பாயி சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், ஒரு குடும்ப அட்டை, இவையே உடைமை. முகாமில் பல நாள் காத்திருந்த பின் இரயிலேறி, விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் இறங்கினர். மலைக்குச் செல்ல வழி தெரியாமல் பகல் முழுவதும் மேடையில் அமர்ந்திருந்தனர். வழியில் ஒரு நிலையத்துக்கு வெளியே தேநீர் வாங்கச் சென்ற தாத்தாவிடம், கடைக்காரர் ஊரையும் தெருவையும் கேட்டறிந்து, தனியே வைத்திருந்த குவளையைச் சுட்டினாராம். "கடல் தாண்டிப் போனோம், கடல் தாண்டி வந்தோம், இந்தக் குவளை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்குதடா" என்று தாத்தா சொன்னதாக அப்பாயி கூறுவார். அவர் அன்று தேநீர் அருந்தவில்லை.

1968இல் வனத்துறையின் கீழ்த் தொடங்கி, பின்னர் டான்டீ எனப் பெயர் பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தாயகம் திரும்பியோர் பலருக்கு வேலை தந்தன. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் அம்மக்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர்.

இளைஞர்களுக்கு

கல்லூரிக் காலத்தில் விடுமுறை முடிந்து திரும்பும்போது லவ்டேல் நிலையப் பலகையில் அமர்ந்து படித்திருக்கிறேன். படிப்பறிவில்லாத அப்பாயி வழியனுப்ப வந்து, வண்டி வரும் வரை என் புத்தகப் பையைத் தம் மடியில் வைத்திருப்பார். இறக்கி வையுங்கள் என்றால் கேட்கமாட்டார். நம்மவர் நெடுங்காலம் பிறர் மூட்டைகளைச் சுமந்தனர். தம் வீட்டுப் பிள்ளையின் புத்தகச் சுமை அவருக்குச் சுமையாகத் தோன்றவில்லை போலும்.

இன்றும் நம் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். தேர்வு முடிவுக்கு, சாதிச் சான்றிதழுக்கு, வேலைக்கான அழைப்புக் கடிதத்துக்கு. காத்திருப்பதில் இழிவில்லை, வெறுங்கையோடு காத்திருப்பதே இழப்பு. நமது சங்கத்தின் படிப்பகமும் மாலை வகுப்பும் அதற்காகவே உள்ளன. மசூரில் காத்திருந்த சிறுவர் பிற்காலத்தில் நாட்டின் அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். கையில் புத்தகம் இருந்தால் காத்திருக்கும் நேரமும் படிக்கும் நேரமாகும். இளைஞர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.